உன் கதை ஊரில் கிருபாவைத் தேடினேன்

என் மகனுக்கு,

ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு முன் வருகிற சனிக்கிழமை ஆம்பூருக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவதாக எழுதியிருந்தாய். வா. ஆனால் இந்தக் கடிதத்தை முழுசாகப் படித்துவிட்டு வா. நேரில் உட்கார்ந்தால் நீ பேசுவாய், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நீ படித்தவன், உன் பேச்சுக்கு எதிரில் என் பேச்சு நிற்காது. காகிதத்தில் அப்படி இல்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் அந்த ஐந்து வகுப்பையும் மிச்சம் வைக்காமல் படித்தவள். டீச்சரம்மா என்னைக் கரும்பலகையில் எழுதவைத்து, மற்றப் பிள்ளைகளை அதைப் பார்த்து எழுதச் சொல்வார். அதே கையெழுத்தில்தான் இதை எழுதுகிறேன். உன் மனைவி ஜெயசீலியும் படிக்கட்டும். வேறு யார் பிரித்துப் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை.

போன வியாழக்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும். பக்கத்து வீட்டு ஹமீதா ஒரு வாரப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அக்கா, உங்க பையன் போட்டோ வந்திருக்குது பாருங்க! கதைக்கு மொதோ பரிசாம், எங்க ஊட்டுப் பையன் சொன்னான்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். நான் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தேன். உன் மகள் கிருபா என் மடியில் ஏறி உட்கார்ந்து, உன் படத்தின் மேல் விரலை வைத்து, "அப்பா" என்றாள். இந்த ஐந்து வயதில் அவளுக்குத் தெளிவாக வருகிற இருபது வார்த்தையில் அது ஒன்று. ஹமீதாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "கீழ இன்னா போட்டிருக்குது, படிங்கக்கா" என்றாள். பெருமையில் நான் சத்தமாகவே படித்தேன். ஆம்பூரில் பிறந்தவர். தோல் விஞ்ஞானம் படித்தவர். மேல்பயிற்சிக்காக விரைவில் ஜெர்மனி செல்கிறார். மனைவியுடன் சென்னையில் வசிக்கிறார். குழந்தைகள் இல்லை.

கடைசி வரியைப் படித்து முடித்த பிறகுதான் எதைப் படித்தேன் என்பது எனக்கே உறைத்தது. ஹமீதா என்னைப் பார்த்தாள். பிறகு என் மடியில் இருந்தவளைப் பார்த்தாள். "பேப்பர்காரனுங்க தப்பா போட்டிருப்பானுங்கக்கா. அவனுங்களுக்கு இன்னா தெரியும்?" என்றாள். "ஆமா, அச்சுப் பிழை" என்றேன். அவள் போன பிறகும் கிருபா உன் படத்தைத் தட்டித் தட்டி "அப்பா, அப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அச்சுப் பிழை இல்லை என்று எனக்குத் தெரியும். பாஸ்போர்ட்டுக்கு உன் பெயரும் ஜெயசீலி பெயரும் மட்டும்தான் போயிருக்கின்றன. "அங்க குளிர் ஜாஸ்தி, அவளப் பாத்துக்க ஆள் இல்ல, ரெண்டு வருஷம் நீங்களே வெச்சிக்குங்கம்மா" என்று நீ கேட்டபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை. ஒரு வயதில் என்னிடம் விட்டாய், நாலு வருஷம் பார்த்துக்கொண்டவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் பாரம் இல்லை. ஆனால் எனக்கு வயது அறுபத்திரண்டு. வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. இந்த ரெண்டு வருஷத்துக்குள் நான் போய்விட்டால், இல்லை என்று அச்சில் வந்துவிட்ட குழந்தையை யார் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்? இதற்குத்தான் எனக்குப் பதில் வேண்டும்.

உன் கதையையும் படித்தேன். மூன்று நாள் ஆனது, மத்தியான வெளிச்சத்தில்தான் எனக்கு எழுத்து தெரியும். புரியாத வார்த்தை வந்த இடத்தில் நின்று, திரும்பப் படித்து, மேலே போனேன். இன்னும் இருநூறு வருஷம் கழித்து ஒரு நகரம். அங்கே பிள்ளை வயிற்றில் வளர்வதில்லை, கண்ணாடிக் குடுவையில் வளர்கிறது. கடுகை விடச் சின்னதாக இருக்கும்போதே அதை லென்ஸ் வைத்துப் பார்த்து, இது நன்றாகப் பாடும், இது கணக்குப் போடும், இதற்கு நெஞ்சு நோய் வரும் என்று சொல்லிவிடுகிறார்கள். நல்லதை வைத்துக்கொள்கிறார்கள், மற்றதைக் கழித்துவிடுகிறார்கள். அதனால் அந்த ஊரில் ஆஸ்பத்திரியே இல்லை என்று எழுதியிருந்தாய். அந்த இடம் எனக்குப் பிடித்தது. பொய் சொல்ல மாட்டேன். உன் அப்பா கடைசி ஒரு வருஷம் மூச்சுக்குத் திண்டாடியதைப் பார்த்தவள் நான். நோயே இல்லாத ஊர் ஒன்று இருந்தால் அவரை முதுகில் சுமந்தாவது கொண்டு போயிருப்பேன். நோயை விரட்டுகிற படிப்புக்கு நான் விரோதி இல்லை. ஆனால் அந்த ஊரின் ஒவ்வொரு தெருவிலும் கிருபாவைத் தேடினேன். பள்ளிக்கூடத்தில் தேடினேன், கடல் ஓரத்துப் பூங்காவில் தேடினேன். கடைசிப் பக்கம் வரை அவள் வரவில்லை. "ஒருவர் கையிலும் ஒரு தழும்பு கிடையாது" என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த வரிக்கு வந்ததும் பத்திரிகையை மூடி வைத்துவிட்டேன். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அவளை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாள் உனக்கு மறந்திருக்காது. எட்டு மாதம், கழுத்து நிற்கவில்லை, நாக்கு வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அந்த டாக்டரம்மா ஒரு காகிதத்தில் சின்னச் சின்னக் குச்சிகளாகப் படம் போட்டுக் காட்டினார். "எல்லாருக்கும் ரெண்டு ரெண்டா இருக்கும் பாட்டி. உங்க பேத்திக்கு இருபத்தோராவது எடத்துல மூணு இருக்குது. அதான்" என்றார். நான், "அப்போ கம்மி இல்லியே டாக்டரம்மா, ஒண்ணு ஜாஸ்திதானே இருக்குது?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். ஜெயசீலியும் அழுகைக்கு நடுவில் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. "இதுக்கு மருந்து இல்லியா?" என்றாய். இல்லை என்றார். எழுந்து வெளியே போய் சைக்கிள் ஸ்டாண்ட் பக்கத்தில் நின்றாய். நான் பின்னாலேயே வந்தேன். "எப்படிம்மா? எங்க தப்பாச்சு?" என்று என்னைக் கேட்டாய். உன் அப்பா அப்போது உயிரோடு இருந்தார், வீட்டுக்கு வந்ததும் அவரிடமும் அதையே கேட்டாய். அவர் குழந்தையை வாங்கி வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்து, "தப்புன்னு நீ ஏண்டா சொல்றே? இது நம்ம ஊட்டு மூக்கு" என்றார். அன்றிலிருந்து நீ தப்பு எங்கே என்று தேடிக்கொண்டே இருக்கிறாய் என்று நினைக்கிறேன். அந்தக் கதை அங்கேதான் ஆரம்பித்திருக்கும்.

உன் அப்பா முப்பத்தைந்து வருஷம் டேனரியில் பதனிட்ட தோலைத் தரம் பிரித்தவர். வடக்கு ஜன்னல் ஓரத்து மேஜையில் ஒவ்வொரு தோலாக விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, சாக்பீஸால் ஒன்று, இரண்டு, மூன்று என்று போடுவார். ஒன்றுக்கும் ஆகாததை ரிஜெக்ட் என்று தள்ளுவார். நீ ஏழு வயதில் அந்த மேஜைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்பாய். "இது இன்னாப்பா?" "முள்ளு கீறினது." "இது?" "உண்ணி கடிச்சது." "இது?" "நுகத்தடி ஒரசின எடம். பாவம், நல்லா ஒழச்ச மாடு." ஒருநாள் நான் சாப்பாடு கொண்டுவந்தபோது நீ, "ஒரு மார்க்கும் இல்லாத தோலே கெடையாதாப்பா?" என்று கேட்டாய். அவர் கொஞ்சம் யோசித்து, "கீதுடா. தாய் வயித்துலியே செத்துப்போன கன்னுக்குட்டித் தோலு. அதுல ஒரு கோடு இருக்காது. வெயிலு பாக்கல, முள்ளு பாக்கல, இன்னாத்துல மார்க் வரும்?" என்றார். அன்று நீ சாப்பாட்டைத் தொடவில்லை. "புள்ளகிட்ட சொல்ற பேச்சா இது?" என்று நான் அவரைத் திட்டினேன். உன் நகரத்து மனிதர்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு அந்தக் கன்றுக்குட்டி ஞாபகம் வந்தது. உனக்கு எழுதும்போது வந்ததா என்று தெரியவில்லை.

கிருபாவைத் தேவதை என்று நான் சொல்ல வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் "எப்பப் பாத்தாலும் சிரிச்ச முகம்" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் தெரியும். அவள் கடிப்பாள். பிடிவாதம் வந்தால் நடுத்தெருவில் உட்கார்ந்துகொள்வாள், லாரி வந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். மார்கழி வந்தால் நெஞ்சுச் சளியில் ஒரு மாதம் படுக்கை. என் வேதாகமத்தில் சங்கீதம் இருந்த இடத்தில் பாதிப் பக்கங்கள் இல்லை, அவள் கிழித்தது. அன்றைக்கு அவளை நான் அடித்தேன். கன்னத்தில் விரல் பதிந்தது. அவள் அழத் தெரியாமல் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதையெல்லாம் உனக்குத் தெரியாமல் மறைத்து, "நல்லா இருக்கா" என்று மட்டும் எழுதிவந்தேன். அதுவும் என் தப்புதான். நீ அவளை ஒரு பாரமாக நினைத்தாய், நான் அவளை ஒரு படமாக உனக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு பிள்ளை. கோயில் வாசலில் குவிந்து கிடக்கிற செருப்புகளை ஜோடி சேர்த்து வைப்பாள், யாருடையது எது என்று ஒருமுறைகூடத் தவறியதில்லை. பாதிரியார் செருப்பை மட்டும் வேண்டுமென்றே ஒளித்துவைத்துவிட்டு, அவர் தேடுவதைப் பார்த்துத் தரையில் விழுந்து சிரிப்பாள். "உங்க பேத்தி என்னைப் பேஜார் பண்றாம்மா" என்று அவர் என்னிடம் வந்து நிற்பார்.

இப்போது அந்தத் தழும்பு. உன் இடது கையில் சுண்டுவிரலுக்கு வெளிப்பக்கம் இருக்கிறதே, அது. நீ குழந்தையாக இருந்தபோது, தோலில் ஒட்டிய சதையைச் சீவுகிற கத்தி பட்டுவிட்டது என்று நான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நீ அதைக் காட்டிப் பெருமை அடித்துக்கொண்டு வந்தாய். கத்தி படவில்லை. நீ ஆறு விரலோடு பிறந்தாய்.

கல்யாணம் ஆகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்தவன் நீ. ஊரெல்லாம் எனக்கு வைத்திருந்த மலடி என்ற பெயரைத் துடைத்தெறிய வந்தவன். சுண்டுவிரல் ஓரத்தில் பட்டாணி மாதிரி ஒன்று, அதில் ஒரு சின்ன நகம்கூட இருந்தது. "ஆறாவது வெரலு அதிர்ஷ்டம்" என்று சில பேர் சொன்னார்கள். உன் அப்பா அதைப் பிடித்து முத்தம் கொடுப்பார். ஆனால் உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "டேனரித் தண்ணி குடிச்ச வயிறு, வேற எப்படிப் பொறக்கும்?" என்றாள். எனக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். நான் தலை நிமிர்ந்து நடக்கிறவள், உனக்குத் தெரியும். அந்த ஒரு பேச்சை என்னால் விழுங்க முடியவில்லை.

உன் அப்பா வேலைக்குப் போன பிறகு, கத்திப் பிடியைக் கட்டுவதற்காக அவர் வைத்திருந்த பச்சை ஆட்டுத்தோல் வாரை எடுத்தேன். நூல் மாதிரி மெல்லிசாகக் கீறினேன். நனைத்து, அந்த விரலின் அடியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்தேன். தோல்காரன் வீட்டுப் பெண்ணுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈரத்தில் மெத்தென்று இருக்கும், காயக் காய இறுகும், பிறகு எந்த விரலாலும் அவிழ்க்க முடியாது. ரெண்டு நாளில் விரல் தானாக விழுந்துவிடும் என்று நினைத்தேன். கையில் சட்டைத் துணியைச் சுற்றி மறைத்துவைத்தேன். நீ அழுதாய். வயிற்று வலி என்று அவரிடம் சொன்னேன். மறுநாளும் அழுதாய். மூன்றாம் நாள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. துணியைப் பிரித்தால் விரல் கறுத்திருந்தது, முழங்கை வரைக்கும் வீங்கியிருந்தது, உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. உன்னைத் தூக்கிக்கொண்டு டேனரிக்கே ஓடினேன். உன் அப்பா உன் கையைப் பிடித்து விரித்தார். கத்தி முனையால் வாரை அறுத்தார், உன்னை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "இன்னம் ஒரு நாள் போயிருந்தா கையையே எடுத்திருக்கணும். ஆடு மாட்டுக்குக் கட்டற மாதிரி புள்ளைக்குக் கட்டியிருக்கியே, நீயெல்லாம் ஒரு தாயா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். விரலை எடுத்துவிட்டுத் தைத்தார்கள். ஒரு மாதம் உன் அப்பா என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது, தலை நிமிராமல், "தெனம் நூறு தோலு பாக்கறேன். நானே அவன ரிஜெக்ட் பண்ணலியேமே. பண்றதுக்கு நீ யாரு?" என்றார். அதற்கு அப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. உன்னிடமும் சொல்லவில்லை. நான் சொல்லுவேன் என்று காத்திருந்தாரோ என்னவோ, சாகும்வரை நான் சொல்லவில்லை.

தழும்பில்லாத கைகளைப் பற்றி நீ எழுதும்போது காகிதம் நகராமல் இருக்க இடது கையால்தானே பிடித்திருப்பாய்? உன் கதை ஊரில் லென்ஸ் வைத்துப் பார்க்கிறவர்களிடம் நீ கடுகாகப் போயிருந்தால் உன்னைக் கழித்திருப்பார்கள். பரிசு வாங்கிய கதையை எழுத ஆள் இருந்திருக்காது. உன்னை மடக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. நான் உன் விரலை எடுத்தது உனக்காக இல்லை. அந்த விரல் இருந்ததில் உனக்கு ஒரு வலியும் இல்லை. எனக்குத்தான் வலித்தது, கோயிலில் நின்ற ஒருத்தியின் வாயால். குழந்தைகள் இல்லை என்று நீ கிருபாவை எடுத்துவிட்ட அந்த ஒரு வரியும் அவளுக்காக இல்லை, அவளுக்கு உன் படம் போதும், தட்டித் தட்டிச் சந்தோஷப்படுகிறாள். உனக்கு எங்கே வலித்தது என்று எனக்குத் தெரியும். பத்திரிகை ஆபீசில் யாரோ ஒருவர் "எத்தனை குழந்தைங்க சார்?" என்று கேட்டிருப்பார். ஒன்று என்றால் அடுத்த கேள்வி வரும். "எந்த ஸ்கூல்ல படிக்குது?" அந்த அடுத்த கேள்விக்குப் பயந்து முதல் கேள்வியிலேயே முடித்துவிட்டாய். எனக்குத் தெரியாதா? நானும் ஒரு துணியைச் சுற்றி மறைத்தவள்தானே.

இப்பவே அவளைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறு என்று நான் கேட்கவில்லை. அந்தக் குளிர் அவள் நெஞ்சுக்கு ஆகாது, அது உண்மை. ரெண்டு வருஷம் இல்லை, எனக்கு உயிர் இருக்கிற வரைக்கும் வைத்துக்கொள்கிறேன். ஜெயசீலி போன கிறிஸ்துமஸுக்குக் கவுனுக்கு அளவு எடுக்கிற சாக்கில் அவளை அரைமணி நேரம் கட்டிக்கொண்டே இருந்தாள். அவள் மேலும் எனக்குக் கோபமில்லை. ஆனால் உன் பாஸ்போர்ட்டிலோ, அங்கே வேலைக்குக் கொடுக்கிற காகிதத்திலோ, எங்கெல்லாம் பிள்ளைகள் பெயரைக் கேட்கிறார்களோ அங்கெல்லாம் அவள் பெயரை எழுது. நான் இல்லாத அன்றைக்கு யாராவது இவள் யார் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதமாவது அவளுக்கு இருக்க வேண்டும். யாராவது உன்னைக் கேட்டால் ஒரு மகள் என்று சொல். அடுத்த கேள்வி வந்தால் அதற்கும் பதில் சொல். கஷ்டமாகத்தான் இருக்கும். சொல்லச் சொல்லப் பழகும்.

ஒரு தபால் கார்டு வாங்கி அந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதி வைத்திருக்கிறேன். "ஐயா, போன இதழில் முதல் பரிசு பெற்ற கதையை எழுதியவருக்குக் குழந்தைகள் இல்லை என்று போட்டிருக்கிறீர்கள். அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். பெயர் கிருபா. வயது ஐந்து. அடுத்த இதழில் திருத்திப் போட வேண்டுகிறேன்." கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். நீ வந்து அந்த இடத்தில் உன் பெயரைப் போட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு போய், அவள் கையாலேயே பெட்டியில் போடச் செய். நீ போடாவிட்டால் நான் என் பெயரைப் போட்டு அனுப்பிவிடுவேன். பெற்ற தாயே எழுதினாள் என்று அது அச்சில் வந்தால் உனக்கு அவமானம். தெரிந்துதான் சொல்கிறேன். என் அவமானத்துக்குப் பயந்து ஒருமுறை உன் கையைப் பலி கொடுக்கப் பார்த்தேன். உன் அவமானத்துக்குப் பயந்து இவளைக் கொடுக்க மாட்டேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு எங்கள் தெருப் பெட்டியில் தபால் எடுக்க வருவார்கள். மூன்றரை வரைக்கும் கார்டு கையெழுத்து இல்லாமல் இருக்கும்.

உன்னை வளர்த்து, உன் மகளையும் வளர்க்கிற
அம்மா